சப்பரத்துக்கு ஏர் எடுத்த நாலு நாள்

காந்தலூரில் மகள் வீட்டுக்குப் போனால் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சாப்பிடுவது, பேத்தி கேட்கும் கணக்குக்குத் தப்பாக விடை சொல்வது, பிறகு ரோட்டு முனையில் சவாரி ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வது. வயதானவர்கள் கோவிலுக்குப் போவார்கள். நான் ஜீப்புக்குப் போவேன்.

இப்போதைய ஜீப்புகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஸ்பிரிங்கைத் தூக்கி, லாரிக்குப் போடுகிற மாதிரி டயர் போட்டு, ஏறுவதற்கு ஏணி கேட்கிற உயரத்தில் நிற்கும். போன மாதம் அப்படி ஒரு வண்டிக்கு பிரேக் மெத்தென்று ஆகிவிட்டது. மெக்கானிக் ஒருவன் தனியாக வந்தான். கையால் அமுக்கி உறிஞ்சும் சின்னப் பம்பு ஒன்றைச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிரேக் நிப்பிளில் மாட்டினான். காற்றும் பிரேக் ஆயிலுமாக ஒரு ஜாடியில் இறங்கியது. நான்கு சக்கரத்தையும் முடித்துக் கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டான். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்தில் நின்ற டிரைவர் பையன்கள் என்னிடம், உங்கள் காலத்தில் இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். ரெண்டு ஆள் வேண்டும் என்றேன். ஒருத்தன் பெடல் மேல், ஒருத்தன் வண்டிக்கு அடியில், நடுவில் ஒரு சொல். அந்தச் சொல் தப்பினால் வண்டி தப்பும் என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தாத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

என் ஊர் எருத்தேன்பதி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற எல்லைக் கிராமம். கடலைக்காடும் கிணறும் உள்ள குடும்பம். ஆயில் என்ஜினைப் பிரித்துப் பிரித்து அப்பாவிடம் திட்டு வாங்கி, பிறகு பக்கத்துச் சித்தூரில் ஒரு லாரிப் பட்டறையில் ஆறு வருடம் கரி பூசிக்கொண்டேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. போன முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. எங்கள் ஊரில் பிரேக் என்பது வண்டியை நிறுத்த. மலையில் பிரேக் என்பது வண்டியை இறக்க. நிறுத்துவது அப்புறம்தான்.

ஒர்க்‌ஷாப் தலைவர் வர்க்கி ஆசான். கோட்டயம் பக்கத்துக்காரர். மலையாள நாட்டில் பட்டறைத் தலைவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு சொல்லில் முடிகிற இடத்தில் ரெண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

பெடலை அவர் முதலில் காலால் மிதிக்க மாட்டார். குனிந்து உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார். கீழே போய்க் கெட்டியாக நின்றால் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது, அட்ஜஸ்ட் பண்ணு. பிடித்த பிடியில் மெல்ல மெல்ல இறங்கினால் உள்ளே ஆயிலை அடைக்கிற கப் வாஷர் போய்விட்டது, மாற்று. மெத்தென்று அமுங்கி மேலே தள்ளினால் குழாயில் காற்று இருக்கிறது, ஏர் எடு. காலுக்கு பூட்ஸ் உண்டு, கைக்கு அது கிடையாது என்பார். இதை அவர் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. நான்தான் பக்கத்தில் நின்று திருடிக்கொண்டேன்.

இனி சப்பரத்துக்கு வருகிறேன்.

எஸ்டேட்டில் பழைய பட்டாள ஜீப் ஒன்று இருந்தது. மேல் டிவிஷனில் இருந்து கொழுந்துச் சாக்கு இறக்க டிராக்டர் ஏறாது, அவ்வளவு செங்குத்து. அதனால் இந்த ஜீப்பை மாற்றிக் கட்டும்படி மானேஜர் சொன்னார். நாங்கள் சேஸைப் பின்பக்கம் வெட்டி இரண்டரை அடி நீட்டினோம். ஒரு சின்ன லாரியின் பின் ஆக்சிலைப் பூட்டினோம். ஸ்பிரிங்கில் கூடுதலாக ரெண்டு பட்டை. மேலே தகரக் கூடு. பிரேக் குழாயும் நீண்டு, ஆக்சிலுக்கு மேல் வளைந்து இறங்கியது. வேலை முடிந்து வெளியே வந்தபோது அது ஜீப்பாகவும் இல்லை, லாரியாகவும் இல்லை. எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிச் சீமையில் வேர் உள்ளவர்கள். வண்டி சாமி ஊர்வலம் போல ஆடி ஆடி வருவதைப் பார்த்து சப்பரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சப்பரத்துக்கு டிரைவர் சுடலைமுத்து. அதற்கு ரெண்டு மாதம் முன்பு வரை முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு மருந்தடித்தவன். சொந்த முயற்சியில் லைசென்ஸ் எடுத்து, மானேஜர் பின்னாலேயே நடந்து, தற்காலிக டிரைவராக ஏறியிருந்தான். அவன் லயத்தில் இருந்து முதல் டிரைவர் அவன்தான். காக்கிச் சட்டை ஒன்றே ஒன்று. அதை அவன் பெண்டாட்டி தினமும் துவைத்து, கரி இஸ்திரி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து அனுப்புவாள். அந்த மடிப்பில் கை வைத்தால் வெட்டிவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

வேலை முடிந்த அன்று சப்பரத்துக்கு ஏர் எடுத்தோம். என் வண்டி, நான்தான் மிதிப்பேன் என்று முத்து ஏறி உட்கார்ந்துவிட்டான். பெடல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது. நீண்ட குழாய், போகப் போகச் சரியாகும் என்று விட்டோம். ரெண்டு தடவை மிதித்தால் பிடிக்கும் என்று அவனும் பழகிக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை, இருபது சாக்குக் கொழுந்தோடு மேல் டிவிஷனில் இருந்து இறங்கும்போது பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பையன் நிதானக்காரன். ஒன்றாம் கியருக்குத் தள்ளி, வண்டியை மேட்டுப் பக்கம் ஒடித்து, ரோட்டோரத் தண்ணிக் கானில் சாய்த்து நிறுத்திவிட்டான். யாருக்கும் அடியில்லை. சாக்குகள் மட்டும் அவிழ்ந்து கொழுந்து ரோட்டில் பரவிக் கிடந்தது.

மானேஜர் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவசரக்காரர். பிரேக்கில் கோளாறா, ஓட்டினவனிடம் கோளாறா என்று ஆசானிடம் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றார் ஆசான். சனிக்கிழமை காலை நானே ஏறி உட்கார்ந்து மலை இறங்கிப் பார்ப்பேன், பிரேக் சரியில்லை என்றால் இந்த வண்டியை உடைத்துவிடலாம், முத்து மருந்தடிக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை தொடங்கினோம். பெடலுக்கு அடியில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் புது கப் வாஷர் போட்டோம். குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் துடைத்துக் காகிதம் சுற்றி வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. ஷூவைச் சரிசெய்தோம். பிறகு ஏர் எடுக்க உட்கார்ந்தோம்.

அது எப்படி என்றால், பெடலில் இருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். டிரைவர் சீட்டில் ஒருவன் இருந்து பெடலை நாலைந்து தடவை மிதித்து மிதித்து விடுவான். பெடல் கெட்டியானதும் மிதிப்பதை நிறுத்தி, காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். அடியில் படுத்திருப்பவர் அப்போது நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். ஆயிலும் குமிழும் பீய்ச்சும், கால் தரைக்கு இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலைத் தூக்கலாம். மூடும் முன் தூக்கினால், வெளியே போன காற்று மாமியார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை போல உரிமையோடு உள்ளே வந்துவிடும். நிப்பிளில் ரப்பர் குழாய் மாட்டி, அதன் முனையை ஆயில் பாட்டிலில் முக்கி வைத்தால் இந்த ஆபத்து இல்லை. எங்கள் குழாய் ஊறி வெடித்துப் போயிருந்தது. கடைகளில் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. துணியும் விரலும்தான்.

அடியில் ஆசான். சீட்டில் முத்து. முத்துவின் கால்மாட்டில் தரைத்தகடைத் திறந்து மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் ஊற்ற நான். இப்படியே செவ்வாய், புதன், வியாழன். நான்கு சக்கரம், திரும்ப நான்கு சக்கரம். நுரை நுரையாக வந்துகொண்டே இருந்தது. ஒரு டின் ஆயிலில் எவ்வளவு காற்று இருக்க முடியும்? இந்த மலையில் உள்ள காற்றெல்லாம் சப்பரத்துக்குள் குடியிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் ஆசான் வெளியே வந்து, உள்ளங்கையால் பெடலை அமுக்குவார். மெத்தென்று இருக்கும். கண்ணாடியைக் கழற்றுவார்.

நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். லாரி ஆக்சிலில் இருப்பது பெரிய சிலிண்டர், ஜீப்பின் மாஸ்டர் சின்னது, அதனால் ஆயில் போதவில்லை, மாற்றிக் கட்டியதே தப்பு என்றேன். ஆசான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்படியானால் பெடல் தாழ்வாக இருக்கும், மெத்தென்று இருக்காது என்று சொல்லிவிட்டு மறுபடி அடியில் போனார். நான் ஆயில் டின்னை எடுத்துக்கொண்டேன்.

வியாழன் சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் வேறு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. முத்துவின் கால் ராசி சரியில்லை என்றார்கள். அவன் காதிலும் விழுந்திருக்கும். கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, சனிக்கிழமைக்கு அப்புறம் இந்தக் காக்கிச் சட்டைய என்ன செய்ய? மருந்தடிக்கப் போகும்போது போட்டா எல்லாவனும் சிரிப்பான்."

நான் சோப்பை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அந்த இஸ்திரி மடிப்பைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன் என்பது அப்போது நெஞ்சில் குத்தியது.

வெள்ளிக்கிழமையும் காலையில் இருந்து அதே கதை. மூன்றரை மணிக்கு டீ வந்தது. ஆசான் தன் கோப்பையோடு அறைக்குள் போய்விட்டார். நானும் முத்துவும் சப்பரத்தின் படியில் உட்கார்ந்தோம். இவன் வேலை போவதற்கு ஆசான் மேல் கோபப்படுவானோ என்று எனக்குப் பயம். அவனோ டீயை ஊதிக்கொண்டு ஆசானைப் புகழ ஆரம்பித்தான்.

"என்ன இருந்தாலும் ஆசான் தங்கமான மனுசன் அண்ணாச்சி. எனக்கு மலையாளம் மட்டு. அது தெரிஞ்சு, எதையும் ரெண்டு தடவ சொல்லுதாரு பாத்தியளா? மலையாளத்துல ஒரு தடவ, தமிழ்ல ஒரு தடவ."

"அவர் எங்கப்பா தமிழ் பேசறாரு?" என்றேன்.

"பேசுதாரே. மொதல்ல சவிட்டுங்காரு. நான் மிதிக்கேன். அப்புறம் எனக்காவ தமிழ்ல மிதிங்காரு. நான் மறுபடி மிதிக்கேன். நாலு நாளா அந்தப் பாசம் குறையலியே அண்ணாச்சி."

என் டீ வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

ஆசான் சொன்னது மிதி அல்ல, மதி. மலையாளத்தில் சவிட்டு என்றால் மிதி. மதி என்றால் போதும். மிதித்தது போதும், காலை அப்படியே வை, நான் நிப்பிளைத் திறக்கிறேன் என்று அர்த்தம். அவர் மதி என்று சொல்லித் திறந்த நேரத்தில், முத்து அதை மிதி என்று கேட்டு, காலைத் தூக்கி மறுபடி அழுத்தியிருக்கிறான். தூக்கிய ஒவ்வொரு தடவையும் திறந்த நிப்பிள் வழியாகச் சப்பரம் மூச்சு இழுத்திருக்கிறது. நாங்கள் நாலு நாளாகக் காற்று எடுக்கவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தோம்.

மற்ற ஜீப்புகளில் இது நடக்கவில்லை. அங்கே மிதித்தது நானோ, ஒரு மலையாளி ஃபிட்டரோ. ஆசான் குரலும் பக்கத்தில் கேட்கும். சப்பரத்தை நாங்கள் இரண்டரை அடி நீட்டி, மேலே தகரமும் மூடியிருந்தோம். பின் சக்கரத்தில் இருந்து அந்த மெல்லிய குரல் முன்னால் வரும்போது சொல்லின் பாதி தகரத்தில் போய்விட்டது. முதலில் ஒரு தடவை தப்பாகக் கேட்டுவிட்டால், பிறகு முன் சக்கரத்தில் தெளிவாகச் சொன்னாலும் காதுக்கு அதேதான் கேட்கும்.

இதில் பெரிய முட்டாள் யார் என்றால் நான்தான். முத்துவுக்கு மலையாளம் தெரியாது, ஆசானுக்குத் தமிழ் தெரியாது. ரெண்டும் தெரிந்த எருத்தேன்பதிக்காரன் ரெண்டு பேருக்கும் நடுவில், அவன் கால்மாட்டிலேயே, ஆயில் டின்னோடு நாலு நாள் குனிந்து கிடந்தேன். எனக்கு மதி என்பது மதி என்றே கேட்டது. என் கண் ஆயில் மட்டத்தில் இருந்தது. அரை முழம் தள்ளி அவன் கால் என்ன செய்கிறது என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் முத்துவின் முகம் செத்துவிட்டது. தன் வண்டியைத் தன் காலாலேயே கெடுத்திருக்கிறோம் என்பதுதான் அவனுக்குப் பட்டது. "மானேஜர் தொரைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், சொல்லாதிய அண்ணாச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்லாமல் எப்படி? ஆசானிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும். நாலு நாளாக முதுகு தேயப் படுத்துக் கிடக்கும் மனிதரிடம், உங்கள் வாயில் இருந்து வந்த ஒரு சொல்தான் கோளாறு என்று சொல்ல எனக்கு மட்டும் தைரியம் இருந்ததா என்ன? வாசலில் ரெண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனேன்.

ஆசான் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் துடைக்கவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே வராமல் ஒரு மனிதர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வழிய எழுந்து வந்து, படியில் சுருண்டு உட்கார்ந்திருந்த முத்துவின் தோளில் கை வைத்தார். தப்பு என்னுடையது, கேட்பவனுக்குப் புரிந்ததா என்று நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னார். அதை மட்டும் நான் முத்துவுக்குத் தமிழில் சொன்னேன். நாலு நாள் கழித்தாவது ஒரு உபயோகம்.

பிறகு ஆசான் என்னிடம், மதிக்குத் தமிழில் என்ன என்று கேட்டார். நான் எங்கள் ஊர் வழக்கில், "போதுங்க" என்றேன். அவர் அந்த 'ங்க'வும் சொல்லின் பாகம் என்று நினைத்து அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார். காலைத் தூக்குவதற்கு வாய் வேண்டாம், நிப்பிளை மூடியதும் ஸ்பானரால் சேஸில் ரெண்டு தட்டு, அதுவரை பூமி பிளந்தாலும் கால் அசையக் கூடாது என்று முடிவானது. அடியில் போனார்.

"சவிட்டு."

முத்து மிதித்தான்.

"போதுங்க."

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆசான் வாயில் இருந்து ஒரு தற்காலிக டிரைவருக்கு அவ்வளவு மரியாதை! முத்து வெட்கத்தில் நெளிந்தான். ஆனால் கால் நெளியவில்லை. நிப்பிள் திறந்தது, நுரை பீய்ச்சியது, பெடல் இறங்கியது, நிப்பிள் மூடியது. டக், டக். கால் எழுந்தது. மூன்றாவது சுற்றில் குமிழ் குறைந்தது. ஆறாவது சுற்றில் ஆயில் கம்பி மாதிரி வந்தது. நான்கு சக்கரமும் முடித்து ஆசான் உள்ளங்கையை வைத்தார். பெடல் கொஞ்சம் தாழ்வாக, கருங்கல் மாதிரி நின்றது. அவர் சொன்னபடியே.

சனிக்கிழமை காலை மானேஜர் முன் சீட்டில் ஏறினார். பின்னால் இருபத்தைந்து சாக்கு, சாக்குக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் நான். மேல் டிவிஷன் இறக்கத்தில் மூன்று இடத்தில் அவர் நிறுத்து என்றார். மூன்று இடத்திலும் சப்பரம் கட்டிப்போட்ட எருமை மாதிரி நின்றது. மூன்றாவது இடத்தில் சாக்கு எல்லாம் என்மேல் வந்து விழுந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் நசுங்கியதில்லை.

கீழே இறங்கியதும் மானேஜர் ஆசானிடம் என்ன கோளாறு என்று கேட்டார். முத்து தரையைப் பார்த்தான். காற்று இருந்தது, தவறு ஒர்க்‌ஷாப்புடையது, டிரைவருடையது இல்லை என்றார் ஆசான். வேலைச் சீட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். காற்று எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி. என் நாக்கில் இருந்து வந்தது என்றார். மானேஜருக்குப் புரியவில்லை. ஆனால் வர்க்கி ஆசான் இரண்டாவது தடவை விளக்கமாட்டார் என்று அவருக்கும் தெரியும். அந்த மாத முடிவில் முத்து நிரந்தர டிரைவர். அவன் பெண்டாட்டி ரெண்டாவது காக்கிச் சட்டை தைத்துவிட்டாள்.

அதற்கு மூன்று வருடம் கழித்து ஆசான் ஓய்வு பெற்றார். எஸ்டேட் கிளப்பில் பிரிவு உபசாரம். பழைய கட்டிடம், பலகைத் தரை. மானேஜர் பேசினார், யூனியன்காரர்கள் மூன்று பேர் மூன்று மணி நேரம் மாதிரிப் பேசினார்கள். கடைசியில் ஆசானைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்றார். ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். கை கூப்பினார்.

"மதி" என்றார்.

பின்வரிசையில் இருந்து பலகைத் தரை அதிர ஒரு மிதி விழுந்தது.

மானேஜர் திடுக்கிட்டுத் திரும்பினார். கத்தி மடிப்புக் காக்கியில் முத்து எழுந்து நின்றிருந்தான். வலது கால் தரையில் அழுந்தியிருந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் சிரித்த சிரிப்பில் கிளப் கூரை கிளம்பியிருக்கும். ஆசான் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை நன்றாகத் துடைத்தார், கண்ணையும் சேர்த்து.

"போதுங்க" என்றார்.

சிரிப்பு அடங்கியது. முத்து காலை எடுக்கவில்லை. அவன் முகத்திலும் கண்ணீர், என் முகத்திலும்தான். எதற்கு நிற்கிறான் என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை. ஆசானுக்கு விளங்கியது. கையை நீட்டி, முன்னால் இருந்த மேசையில் விரல் மடக்கி ரெண்டு தட்டுத் தட்டினார்.

அப்புறம்தான் முத்து காலைத் தூக்கினான்.